மஞ்சள் படகுக்குப் பேசியவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷமாகக் கடலில் நின்று தீர்ப்புச் சொல்கிறவர் என்றதும் ஆளாளுக்கு அகன்ற தோள், கரகரத்த குரல் என்று என்னென்னவோ கற்பனை செய்துகொள்கிறார்கள். அத்தான் ஒல்லி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டால் அவரைப் பார்த்து யாருக்கும் கடல் ஞாபகம் வராது.

வாரத்தில் ஐந்து நாள் அவர் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத மூலை, முதுகுக்குப் பின்னால் கோப்பு அலமாரி, எதிரில் இடுப்பளவு மரத்தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, மேல்வீட்டுக்காரன் குழாயை அடைத்துவிட்டான் என்று ஒருத்தர் கத்துவார். அவர் போனதும் மேல்வீட்டுக்காரர் வந்து கத்துவார். அத்தான் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார். சனி ஞாயிறு கடலுக்கு வந்தால் அங்கேயும் இரண்டு பேர் கத்துவார்கள். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வாய்த்ததெல்லாம் அடுத்தவர் சண்டைதான்.

நான் அவருடைய மைத்துனி. படகு எஞ்சின் ரிப்பேர் என் தொழில். நடுவர்கள் ஏறும் மோட்டார் படகை ஓட்டுவதும் நான்தான். ஒன்பது வருஷமாக அவருக்கு முன்னால் நின்று ஸ்டீயரிங் பிடிக்கிறேன். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது. கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும். பூசி மெழுக எனக்கு வராது.

போட்டி இதுதான். இரண்டே இரண்டு பாய்ப்படகுகள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, ஒன்றின் பின்புறம் நீலக் கொடி, மற்றதில் மஞ்சள். படகுக்கு ஐந்து பேர். மிதவைகளைச் சுற்றி இருபது நிமிஷப் பந்தயம், முன்னால் வந்தவர் ஜெயித்தவர். படகில் வித்தியாசம் கிடையாது என்பதால் வேகத்தில் ஜெயிப்பதைவிட எதிராளியைத் தப்புச் செய்ய வைத்து ஜெயிப்பதுதான் அதிகம். குறுக்கே விடுவார்கள், மூலையில் நெருக்குவார்கள், மோதுவதுபோல வந்து கடைசி நொடியில் திரும்புவார்கள். தப்புச் செய்த படகு நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே போகலாம். அதற்குப் பதினைந்து விநாடி போய்விடும். நெருக்கமான பந்தயத்தில் பதினைந்து விநாடி போனால் கதை முடிந்தது.

ஆடுகிறவர்களுக்கு இது பிழைப்பு. வருஷத்தில் எட்டுத் துறைமுகம், எட்டு வாடகை அறை, தோளில் ஈரப் பை. நடுவர்களுக்கு இது பிழைப்பில்லை. போக்குவரத்துச் செலவும் இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு தொப்பியும் தருவார்கள். எங்கள் வீட்டில் பதினெட்டுத் தொப்பி இருக்கிறது.

தப்பு யாருடையது என்று பின்னால் துரத்திக்கொண்டு போகிற எங்கள் படகில் இரண்டு நடுவர்கள் பார்ப்பார்கள். எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆளுக்கொரு படகை எடுத்துக்கொண்டு, அந்தப் படகாகவே மாறிப் பேசுவார்கள். அத்தானுக்கு ஜோடியாக வருகிறவர் ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார். அவர் எப்போதும் நீலம், அத்தான் எப்போதும் மஞ்சள்.

"நான் நீலம். காத்து எனக்கு வலப்பக்கம். வழி என்னுது."

"நான் மஞ்சள். தெரியுது. ஒதுங்குறேன். ஒதுங்கிட்டே இருக்கேன்."

"போதாது. நான் திரும்ப வேண்டியதாப் போச்சு."

"ஒத்துக்கிறேன். தப்பு என்னுது."

பேச்சு முடிந்த அடுத்த விநாடி விசில் அடித்து, தப்புச் செய்த படகின் நிறத்தில் கொடி உயரும். தப்பே இல்லையென்றால் பச்சை. கொடி தூக்குவது அத்தான் கை. முதல் தடவை இதைக் கேட்டபோது, இரண்டு பெரிய மனிதர்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து நான் எஞ்சினையே அணைத்துவிட்டேன்.

அக்காவுக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. "கடல்ல போய் நான் நான்னு அந்தக் கத்து கத்துறாரே, வீட்ல ஒரு நாள் அப்படிப் பேசியிருக்காரா?" என்பாள். நியாயமான கேள்விதான். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அவரிடம் வேலை கற்ற ஒருத்திக்குப் போனபோது, "அவ பக்கமும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தார். அக்கா அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அதையும் அவர் நியாயம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்தேழு வயதில் அவருக்கு அலுத்துவிட்டது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, படகில் ஏறுகிற விதத்தில் தெரிந்தது. முதலில் ஒரு காலை வைத்து, கொஞ்சம் யோசித்து, பிறகுதான் அடுத்த காலைத் தூக்குவார். அலையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. திங்கட்கிழமை காலையில் படுக்கையிலிருந்து எழவே பத்து நிமிஷம் ஆகிறதென்று அக்கா சொன்னாள். போன பருவத்தோடு வாத்தியார் தன் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பு, பேச்சும் அதிகம். அவருக்கு ஒரு பழக்கம், படகில் இடப்பக்கம்தான் நிற்பார். இடப்பக்கம் நிற்பவர் மஞ்சளை எடுத்துக்கொள்வது எங்கள் துறைமுகத்து வழக்கம். பதினேழு வருஷம் மஞ்சளுக்குப் பேசிய அத்தான் அந்த வருஷம் நீலமானார்.

"உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே சார்?" என்று டாக்டர் கேட்டார்.

"எதுவா இருந்தா என்ன" என்றார் அத்தான். இவருக்கு எப்போதுமே எதுவாக இருந்தாலும் சரிதான். எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது.

பருவத்தின் கடைசிப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு மேல், காற்று நன்றாக ஏறியிருந்தது. அடுத்த வருஷத்து எட்டுத் துறைமுகத்துக்கும் நேரடி அழைப்பு ஏழு பேருக்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு இடம். அதற்கு இரண்டு பேர். மஞ்சளில் இருபத்தாறு வயதுப் பையன் ஒருத்தன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஓட்டுவான். நீலத்தில் கேப்டனம்மா.

கேப்டனம்மா என்று நாங்கள் வைத்த பெயர்தான். நாற்பத்தொரு வயது, பதினாலு வருஷமாக இந்தச் சுற்றில் இருக்கிறார். சுக்கான் பிடித்த உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருக்கும். வீட்டில் ஒன்பது வயது மகள், அப்பாவோடு இருக்கிறாள். அந்தக் குழந்தையிடம் கேப்டனம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஜெயித்தால் இன்னும் ஒரு வருஷம், தோற்றால் அத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்பதுதான் அது. ஜெயிக்கவேண்டும் என்று அம்மாவும் தோற்கவேண்டும் என்று மகளும் வேண்டிக்கொண்ட பந்தயத்துக்கு நாங்கள் நடுவர்.

கடைசி ஓட்டம். பின்காற்றில் இரண்டு படகும் பெரிய பலூன் பாயை விரித்துக்கொண்டு முடிவுக்கோட்டைப் பார்த்து வந்தன. நூறு மீட்டர்கூட மிச்சமில்லை. நீலம் அரைப் படகு முன்னால். காற்றை வலப்பக்கம் வாங்கி வந்ததால் வழியும் அதற்குத்தான். மஞ்சள் திடீரென்று திரும்பி அதன் விலாவைப் பார்த்துப் பாய்ந்தது. கேப்டனம்மா சுக்கானை ஒடித்துத் திருப்பினார். ஒரு முழ இடைவெளியில் தப்பினார்கள். நீலப் படகிலிருந்து தீர்ப்புக் கேட்டுக் கை உயர்ந்தது.

"நான் நீலம். வழி என்னுது. மோதிடக் கூடாதுன்னு திரும்பினேன்" என்றார் அத்தான்.

"நான் மஞ்சள். ஒதுங்கியிருக்கணும். ஒதுங்கல. தப்பு என்னுது" என்றார் டாக்டர்.

"நான் சரி."

"நீங்க சரி."

இதைவிடச் சுலபமான தீர்ப்பு அந்த வருஷத்தில் இல்லை. அத்தான் விசிலை வாயில் வைத்தார். அவர் கை கொடிகள் செருகியிருக்கும் குழாய்களுக்குப் போனது. பதினேழு வருஷமாக, நான் சரி என்று பேச்சு முடிந்தால் அந்தக் கை எடுப்பது நீலத்தைத்தான். நான் சரியென்றால் அவன் தப்பு, அவன் என்றால் நீலம். கை அதன் பாட்டுக்குப் போய் நீலத்தை உருவியது. நான் ஸ்டீயரிங்குக்கு மேலே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓட்டுகிறவர் வாய் திறக்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. நான் திறக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இன்றைக்கும் இருக்கிறது.

விசில் அடித்தது. நீலக் கொடி மேலே நின்றது.

கேப்டனம்மா திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நடுவரோடு வாதாடினால் இன்னொரு தண்டனை, அதனால் யாரும் வாதாடுவதில்லை. அந்தக் கணமே பாயைத் தளர்த்தித் தண்டனைச் சுற்றைத் தொடங்கிவிட்டார். டாக்டர் அப்போதுதான் தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தார். "சார், மஞ்சள்! மஞ்சள் சார்!" என்று அவர் அலறுவதற்குள் நீலப் படகு பாதி சுற்றியிருந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டியது. கரையில் ஹாரன் ஊதினார்கள்.

அத்தான் கொடியை இறக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார். நான் போய் அதை வாங்கிக் குழாயில் செருகினேன்.

டாக்டர் ரேடியோவில் தலைமை நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னார். பதில் உடனே வந்தது. "காட்டுன கொடி காட்டுனதுதான். அவங்க சுத்தி முடிச்சாச்சு, இவங்க கோட்டத் தாண்டியாச்சு. இதுல முறையீடும் கிடையாது. கரைக்கு வாங்க."

கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பந்தயம் முடிந்து அரை மணி நேரம் நடுவர்கள் படகுத்துறையில் நிற்பார்கள். ஏன் அப்படித் தீர்ப்புச் சொன்னீர்கள் என்று யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கேட்டால் சொல்லவேண்டும், கேட்காதவரிடம் தேடிப் போய்ச் சொல்லக்கூடாது. கேப்டனம்மா பதினாலு வருஷமாக ஒவ்வொரு தீர்ப்புக்கும் வந்து கேட்கிறவர். பச்சைக் கொடிக்குக்கூடக் கேட்பார். அன்றைக்கு வரவில்லை. அரை மணி நேரமும் அத்தான், படகுப் பாய்களை மடித்து வைக்கும் பாய்க்கூடத்தின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைமை நடுவர் வந்து தோளில் தட்டினார். "கேக்கலல்ல? விட்டுடுங்க. சொல்லி முடிவு மாறப் போறதா? தேடிப் போனீங்கன்னா அடுத்த வருஷப் பட்டியல்ல உங்க பேரப் போட முடியாது. உங்களுக்கே தெரியும்."

நானும் அதைத்தான் சொன்னேன். "அத்தான், வேண்டாம். அவங்க மக காத்துட்டிருக்கு. போய்ச் சேரட்டும். உங்களுக்குப் பாரமா இருந்தா என்கிட்ட சொல்லிப் புலம்புங்க, அக்காகிட்ட சொல்லிப் புலம்புங்க."

"அவங்க தப்புப் பண்ணலயேம்மா" என்றார்.

"அது எனக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும். கடலுக்கும் தெரியும். இப்ப என்ன அதுக்கு?"

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கத்து நியாயம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நடந்தார். தனியாக விட மனசில்லாமல் நானும் பின்னால் போனேன்.

பாய்க்கூடம் நீளமான அறை. தரை எப்போதும் துடைத்திருக்கும், செருப்போடு உள்ளே போகக்கூடாது. அத்தான் வாசலில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஈர ஷூவைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. உள்ளே கேப்டனம்மா தனியாக முழந்தாளிட்டுப் பெரிய பாயை மடித்துக்கொண்டிருந்தார். ஆட்களை அனுப்பிவிட்டார்போல.

"வாங்க சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. "விளக்கம் கேக்க வரலையேன்னு பாக்குறீங்களா? வரணும்னு தோணல. வேற யாராவது அந்தக் கொடியத் தூக்கியிருந்தா படகுத்துறையில வந்து ஆடித் தீத்திருப்பேன். நீங்க தூக்கினீங்க. சரி, நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்னு மனசு அடங்கிருச்சு. அந்தப் பக்கத்தப் பிடிங்க, மடிச்சுடலாம்."

அத்தான் குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்தார். முழங்கால் சத்தம் எனக்குக் கேட்டது. பிடித்துக்கொண்டே சொன்னார்.

"கொடி தப்பும்மா. நீங்க பண்ணது சரி. மஞ்சள்தான் தப்புன்னு நாங்க ரெண்டு பேருமே முடிவு பண்ணினோம். எடுக்கும்போது கை மாறிப் போச்சு. என் கைதான்."

கேப்டனம்மா ஒரு மடிப்பை நீவி முடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன். பொய் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை.

"அப்ப நான் ஜெயிச்சிருப்பேன்."

"ஆமா" என்றார் அத்தான்.

"எதுக்கு சார் இத வந்து சொன்னீங்க?"

"உங்களுக்குத் தெரியணும்னு..."

"எனக்குத் தெரியணும்னா, இல்ல உங்களுக்கு இறக்கி வைக்கணும்னா?"

எத்தனையோ பேர் சண்டைக்கு நடுவில் நின்ற அத்தான், தன்னை ஒருத்தர் நேராகக் கேட்டதும் பாயின் ஓரத்தை விடவும் தெரியாமல் பிடிக்கவும் தெரியாமல் நின்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பாவமாகவும் இருந்தது.

கேப்டனம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "அரை மணி முன்னாடிதான் பொண்ணுக்குப் போன் பண்ணினேன். அம்மா தோத்துட்டேன், செவ்வாக்கிழமை வந்துடுறேன், இனிமே எங்கயும் போகலன்னு. அவ குதிச்ச குதி! அம்மா தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷமாடின்னு நானும் சிரிச்சேன். பதினாலு வருஷத்துல இன்னிக்குத்தான் சார் நிம்மதியா ஒரு பாய மடிச்சேன். தோள்பட்டை வலி, இடுப்பு வலி, எல்லாம் முடிஞ்சுதுன்னு."

"இப்பவும் போகலாமேம்மா. ஒண்ணும் மாறல" என்றார் அத்தான்.

"தோத்தா வருவேன்னுதான் சொன்னேன். தோக்கலையே." அவர் உள்ளங்கையைப் பிசைந்துகொண்டார். "என்னைப் பத்தி எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் உக்காந்தா தினமும் அந்தக் கடைசி நூறு மீட்டர்தான் ஓடும். நான் சரி, நான் சரின்னு பாத்திரம் கழுவும்போதுகூட ஓடும். அத வெச்சுக்கிட்டு அந்தக் குழந்தை பக்கத்துல எப்படிப் படுப்பேன்? இருபது நாள்ல அடித்தட்டுத் தகுதிச் சுற்று ஆரம்பிக்குது. நேரடி அழைப்பு இல்லாதவங்க அதுல நாலு கட்டம் ஆடி மேல வரணும். நாளைக்கே பேரக் கொடுத்துட்டு இங்கயே பயிற்சிய ஆரம்பிக்கணும்."

"அப்படிப் பண்ணாதீங்க" என்றேன். கேட்காமலே வாய் வந்துவிட்டது. வரவேண்டிய நேரத்தில் வராத வாய்.

கேப்டனம்மா பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி அடிக்க ஆரம்பித்ததும் ஸ்பீக்கரில் போட்டு அத்தான் பக்கம் நீட்டினார்.

"என்னால முடியாது சார். ஒரு நாள்ல ரெண்டு தடவ அவகிட்ட பேச முடியாது. நீங்களே சொல்லுங்க."

அத்தான் போனை இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் பக்கம் எடுத்தவுடனேயே குரல் வந்தது. "அம்மா! செவ்வாக்கிழமை காலைலயா சாயங்காலமா? நான் ஸ்கூலுக்கு லீவு போடட்டுமா?"

"கண்ணு, நான் அம்மா கூட வேலை பாக்குற அங்கிள் பேசுறேன்" என்றார் அத்தான். புகார்ப் பிரிவில் பேசுகிற அதே மெதுவான குரல். "அம்மா செவ்வாக்கிழமை வரமாட்டாங்க. கொஞ்ச நாள் ஆகும்."

"ஏன்? தோத்துட்டேன்னு சொன்னாங்களே."

அத்தான் கேப்டனம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. அது தப்பாச் சொல்லிட்டாங்க. அம்மா ஜெயிச்சாங்க."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் ஏதோ பாட்டு ஓடுவது கேட்டது. பிறகு குழந்தை, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னது.

"சரி அங்கிள். அப்ப அம்மாவுக்கு என் வாழ்த்து சொல்லிடுங்க."

போனை வைத்துவிட்டது. ஸ்பீக்கரில் இருந்ததால் அத்தான் அதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.